கண்டிக்கு எத்தனை குவிண்டால்?

பேப்பரில் வணிகப் பக்கத்தைத் திருப்பினால் பஞ்சு விலை எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்: "கண்டி இத்தனை ஆயிரம்". பக்கத்தில் சின்னதாய் 356 கிலோ என்று போட்டிருப்பார்கள். சில நாள் அதுவும் இருக்காது. நாம் பருத்தி விற்பது குவிண்டாலில். அரசு ஆதரவு விலை அறிவிப்பதும் குவிண்டாலில். நியூயார்க் சந்தையில் பேசுவது ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று. ஒரே விளைச்சலுக்கு மூன்று எடை, மூன்று விலை. நடுவில் நிற்பது திருச்சுழி வட்டாரத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி.

பரளச்சிப் பக்கம் மானாவாரியாகப் பருத்தி போடும் ஒரு அக்கா போன பங்குனியில் கேட்டார்: "ஏண்ணே, பேப்பர்ல கண்டி அம்பத்தி நாலாயிரம்னு போட்டுருக்கான். எங்கிட்ட யாவாரி குவிண்டால் ஆறாயிரத்து ஐநூறுன்னு கேக்கான். கண்டின்னா எத்தனை குவிண்டால்ணே?"

மூணரை குவிண்டால், கொஞ்சம் கூட, என்றோம்.

கணக்குப் போட அக்காவுக்கு நேரம் ஆகவில்லை. "அப்ப குவிண்டாலுக்குப் பதினஞ்சாயிரம் வரணுமே! பாதிக்கு மேல முழுங்குறானா?"

இந்தக் கேள்வி பல ஊர்களில் பல பேருக்கு வருகிறது. கேட்டுவிட்டுக் கோபத்தோடு போய்விடுகிறார்கள், அல்லது "நமக்கெதுக்கு இந்தக் கணக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். ரெண்டுமே வியாபாரிக்குத்தான் வசதி. அக்கா போட்ட வகுத்தல் சரி. 54,000-ஐ 3.56-ஆல் வகுத்தால் 15,168 ரூபாய் வரத்தான் செய்யும். ஆனால் அந்த விலை நாம் விற்கும் பொருளுக்கு உரியது இல்லை. கண்டி விலை என்பது கொட்டை நீக்கிய பஞ்சுக்கு. நாம் மூட்டை கட்டி அனுப்புவது கொட்டையோடு இருக்கும் பருத்தி. எடையை மாற்றுவதோடு பொருளையும் மாற்றினால்தான் கணக்கு நிற்கும்.

அதை இப்படிப் போடலாம். நம்ம பக்கம் வரும் ஒட்டுரகப் பருத்தியில் 100 கிலோவை அரைத்தால் ஏறத்தாழ 34 கிலோ பஞ்சும் 64 கிலோ கொட்டையும் வரும். மிச்சம் தூசி, கழிவு. கண்டி 54,000 ரூபாய் என்றால், 356-ஆல் வகுக்க, பஞ்சு கிலோ 151 ரூபாய் 70 காசு. 34 கிலோ பஞ்சுக்கு 5,157 ரூபாய். கொட்டை கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 64 கிலோவுக்கு 1,920. ஆகக் கூடி 7,077 ரூபாய். இதில் அரவைக் கூலி, வண்டி வாடகை, வியாபாரி லாபம் எல்லாம் கழிய வேண்டும். ஆக, ஆறாயிரத்து ஐநூறு கேட்டவன் பாதியை முழுங்கவில்லை. 577 ரூபாயை வைத்துக்கொண்டு பேசுகிறான். பேரம் பேச வேண்டிய இடம் அந்த 577 ரூபாய்தான், பதினைந்தாயிரம் இல்லை.

காகிதம் பேனா இல்லாமல் போட ஒரு குறுக்குவழி உண்டு. கண்டி விலையில் கடைசிச் சைபரை அடித்துவிடுங்கள். 54,000 என்பது 5,400 ஆகும். அதில் நூற்றுக்கு நாலரை ரூபாய் கழித்தால், ஒரு குவிண்டால் பருத்தியில் இருக்கும் பஞ்சின் விலை வந்துவிடும். அதோடு கொட்டை விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டை விலையும் ஏறி இறங்கும், அதையும் விசாரிக்காமல் பேசக்கூடாது. கொட்டையின் கணக்கைச் சொல்லாமலே நம்மிடம் விலை பேசுகிறவர்கள் அதிகம்.

34 என்ற எண்ணை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரகத்துக்கு ரகம் மாறும், காட்டுக்குக் காடு மாறும். கருங்கண்ணி போடுகிறவர்கள் கட்டாயம் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். நல்லா காய்ந்த பருத்தியில் 300 கிராம் எடுத்து, வீட்டிலேயே கையால் கொட்டையைப் பிரித்து, பஞ்சைத் தனியாக எடை போடுங்கள். எத்தனை கிராம் வருகிறதோ அதை மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த அக்கா வீட்டில் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே பிரித்தார்கள். 105 கிராம் வந்தது. நூற்றுக்கு 35. கையால் பிரிப்பதற்கும் ஆலை அரவைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஆனாலும் "ஒங்க பருத்தியில பஞ்சு கம்மி" என்று எவனும் அவரிடம் இனி வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது.

இன்னொன்றும் இதே கணக்கில் தெரியவரும். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், கொட்டை 30 ரூபாய் விற்கும்போது 7,710 கட்டுப்படியாக வேண்டுமானால் கண்டி 60,600 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் அரவைக் கூலி சேர்க்காமலே. கண்டி 54,000-ல் நிற்கிற காலத்தில் உள்ளூர் வியாபாரியைப் பிடித்து ஆதரவு விலை கொடு என்று சண்டை போட்டுப் பயனில்லை. இந்தியப் பருத்திக் கழகம் நம்ம வட்டாரத்தில் வந்து கொள்முதல் செய்ய வேண்டும் என்று கேட்பதுதான் பொருத்தமான சண்டை. கழகம் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு முழு விலை கொடுக்கும், 12 சதவீதம் வரை பிடித்தம் செய்து எடுக்கும், அதற்கு மேல் எடுக்காது. காயவைப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம். மையம் திறப்பதை அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அது சரி, 356 கிலோ என்ற இந்த ஒழுங்கில்லாத எண் எங்கிருந்து வந்தது?

சரியான கணக்கு 355.62 கிலோ. இது 784 பவுண்டு. நம் தாத்தாக்கள் பவுண்டை ராத்தல் என்றார்கள். ஒரு ராத்தல் 453.6 கிராம். வெள்ளைக்காரன் கணக்கில் 112 ராத்தல் சேர்ந்தது ஒரு ஹண்ட்ரட்வெயிட். பேரில் நூறு இருந்தாலும் எடையில் 112. இலங்கைத் தமிழர்கள் இதை அந்தர் என்பார்கள். உரத்துக்கும் வெங்காயத்துக்கும் இன்றும் அந்தர் கணக்குத்தான் அங்கே பேச்சில். அப்படி ஏழு அந்தர் சேர்ந்தது பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தின் கண்டி. கப்பலுக்குப் பஞ்சு ஏற்றிய காலத்து எடை, கப்பல்காரன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் நம் பேப்பரில் உட்கார்ந்திருக்கிறது.

நம் சென்னை மாகாணத்தின் கண்டி வேறு. மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு, 11.2 கிலோ. இருபது மணங்கு ஒரு பாரம். இதைத்தான் ஆங்கிலேயர்கள் சென்னைக் கண்டி என்று எழுதி, 500 ராத்தல் என்று முழுசாக்கிக்கொண்டார்கள். கிலோவில் சுமார் 225. ஆக, ஒரே கண்டி பம்பாயில் 356 கிலோ, இங்கே 225 கிலோ. தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிப் பருத்தி என்ற பேரில் நம் கரிசல் பஞ்சு கப்பல் ஏறிய காலத்தில், விலையைக் கேட்டவன் முதலில் "எந்தக் கண்டி?" என்று கேட்டிருக்க வேண்டும். வடக்கத்தி மணங்கோ 37.3 கிலோ. நம் வீசை பர்மாவுக்கும் போனது, அங்கே 1.63 கிலோவாகப் பெருத்துவிட்டது, இன்றும் அங்கே சந்தையில் அதுதான் எடை.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கியது, 1962-ல் பழைய எடைகளுக்கு முழுசாகத் தடை. வீசையும் பலமும் கடைத்தெருவிலிருந்து போயின. பெரியவர்கள் வீட்டு மச்சில் வெள்ளிக்கோல் மட்டும் கிடக்கும். ஏழைபாழைகள் கடையில் வாங்கும் எடை எல்லாம் மாறியது. ஆலை முதலாளிகள் பஞ்சு வாங்கும் கண்டி மட்டும் மாறவில்லை. கிலோவுக்கு மாறிய மாதிரி 355.62 என்று எழுதிவிட்டு அதே 784 ராத்தலை வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, ராத்தலுக்கே இப்போது தனி உயிர் கிடையாது. 1959 ஜூலை முதல் இங்கிலாந்து, அமெரிக்கா உட்பட ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ என்று நிர்ணயித்துக்கொண்டன. கிலோ இல்லாவிட்டால் பவுண்டு இல்லை.

(நாம் நகைக்குச் சொல்லும் பவுனும் இதே பவுண்டுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள இங்கிலாந்துத் தங்கக் காசின் எடை 7.988 கிராம், அதை 8 கிராம் ஆக்கிக்கொண்டோம். பருத்தி போட அடகு வைப்பதும் பவுன், பருத்திக்கு உலக விலை பேசுவதும் பவுண்டு!)

784 என்ற எண் தெரிந்தால் நியூயார்க் விலையை நாமே மாற்றிவிடலாம். பவுண்டு 70 சென்ட் என்று செய்தி வந்தால் 70-ஐ 7.84-ஆல் பெருக்குங்கள். 548 டாலர் 80 சென்ட். அது ஒரு கண்டியின் விலை. டாலர் 85 ரூபாய் என்றால் 46,648 ரூபாய். கப்பல் கூலி தனி. இந்த எண்கள் கணக்குக்காகச் சொன்னவை, அன்றன்றைக்கு விலை மாறும்; முறை மாறாது.

இப்போது மேலே இருக்கும் 54,000-ஐயும் இந்த 46,648-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 முதல் 11 சதவீத இறக்குமதி வரி இருந்தது. வரியோடு அது 51,779 ரூபாய் ஆகும். கப்பல் கூலியும் சேர்ந்தால் நம் பஞ்சு விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அந்த வரியை நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஒரு கண்டிக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். குறுக்குவழிக் கணக்கில் போட்டால் ஒரு குவிண்டால் பருத்திக்கு 490 ரூபாய். நம் மானாவாரிப் பருத்தி வெடிப்பதே மாசி, பங்குனியில்தான். வரி நீக்கம் டிசம்பரோடு முடிந்தாலும், அதற்குள் ஆலைக் கிடங்குக்கு எவ்வளவு வந்து சேர்ந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு செய்தி வந்த அன்றைக்கே "இதனால் எனக்குக் குவிண்டாலுக்கு எவ்வளவு போகும்" என்று கேட்டு ஒரு எண்ணைச் சொல்ல முடிந்தால், நம் மனுக்களும் கூட்டங்களும் வேறு மாதிரி இருக்கும்.

பேல் கணக்கிலும் இதே வம்பு உண்டு. இந்திய பேல் 170 கிலோ. அமெரிக்காக்காரன் பேல் என்று புள்ளிவிவரம் போட்டால் 480 பவுண்டு, 218 கிலோ. அவர்களுடைய நூறு பேல் நம்முடைய 128 பேல். "இந்த வருசம் இத்தனை லட்சம் பேல் உபரி, விலை விழும்" என்று யாராவது பயமுறுத்தினால் எந்த பேல் என்று கேளுங்கள்.

பருத்தி நூலாகிற இடத்திலும் பவுண்டு போகவில்லை. அருப்புக்கோட்டைத் தறிகளில் 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூல் என்கிறார்களே, அந்த நம்பர் என்ன? 840 கஜம் நூல் ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டா வருகிறதோ அதுதான் நம்பர். 60-ஆம் நம்பர் என்றால் 453.6 கிராம் நூல் 46 கிலோமீட்டர் நீளம். அருப்புக்கோட்டையில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனால் மதுரையை நெருங்கிவிடலாம். நூல் கட்டின் மேல் 4.54 கிலோ என்று இருந்தால் அது பழைய 10 பவுண்டுக் கட்டு. இழையின் தடிமனை அளக்கும் மைக்ரோனேர் என்பது இதைவிட விசித்திரம்: ஒரு அங்குல இழை எத்தனை மைக்ரோகிராம் என்று பார்க்கிறார்கள். நீளம் இங்கிலாந்துக் கணக்கில், எடை பிரெஞ்சுக் கணக்கில்.

இயற்கை வேளாண்மை நூல்களைப் படிக்கிற நண்பர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். ஆல்பர்ட் ஹோவார்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பருத்தி ஆய்வோடு சேர்த்துத்தான் இந்தூர் கம்போஸ்ட் முறையை உருவாக்கினார். அந்தக் காலத்துப் புத்தகங்கள், அரசு அறிக்கைகள் எல்லாவற்றிலும் விளைச்சல் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்றே இருக்கும். அதை 2.2-ஆல் வகுத்தால் ஏக்கருக்குக் கிலோ. 1.12-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ. ஏக்கருக்கு 800 பவுண்டு என்று படித்தால் நம் கணக்கில் ஏக்கருக்கு 363 கிலோ, மூன்றரை குவிண்டால் சொச்சம். இது தெரியாமல் "அந்தக் காலத்தில் ஏக்கருக்கு எட்டு குவிண்டால் எடுத்தார்கள்" என்று மேடையில் பேசினால் கேட்கிற சம்சாரி நம்மை நம்பமாட்டார். இப்போதைய பரிந்துரைகளோ ஹெக்டேரில் வருகின்றன. தொழு உரம் 12.5 டன் என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஒரு ஏக்கருக்கு அவ்வளவுக்கு எங்கே போவது என்று கைவிட்டவர்கள் உண்டு. அது ஹெக்டேருக்கு, ஏக்கருக்கு 5 டன்தான்.

கடைசியாகத் தராசு. இணையத்தில் விற்கும் விலை மலிந்த தொங்கு தராசுகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கிலோ பவுண்டாக மாறும்; இன்னொரு தடவை அழுத்தினால் சீனாக்காரர்களின் ஜின், அதாவது அரைக்கிலோ. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்து மாறுவதை யாரும் கவனிப்பதில்லை. பவுண்டில் நிற்கும் தராசில் 10 என்று பார்த்து ஜீவாமிர்தத்துக்குச் சாணம் போட்டால் விழுவது நாலரைக் கிலோ. மகளிர் குழுக்கள் உளுந்து, குதிரைவாலி விற்கும்போது வாங்குகிறவருக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிடும், நல்ல பேரும் போய்விடும். எடை தெரிந்த பொருள் ஒன்றை முதலில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வியாபாரத்துக்கு முத்திரையிட்ட தராசுதான் வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருசத்துக்கு ஒரு தடவை முத்திரை, எடைக்கற்களுக்கும் தட்டுத் தராசுக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை. பருத்தி எடுக்க வண்டியோடு வருகிறவரிடம் முத்திரையில் உள்ள வருசத்தைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "அண்ணாச்சி, முத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டால் போதும்.

சாக்குக் கழிவும் இதில் சேர்த்திதான். மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பது வழக்கம் என்பார்கள். வெறுஞ்சாக்கைத் தராசில் போடுங்கள்; என்ன எடை காட்டுகிறதோ அதை மட்டும் கழிக்கட்டும். 48 கிலோ 700 கிராம் என்று காட்டினால் 48 என்று எழுதுவதும் வழக்கம் என்பார்கள். குவிண்டாலுக்கு ரெண்டு கிலோ வீதம் பத்து குவிண்டாலுக்கு 20 கிலோ. கிலோ 65 ரூபாய் என்றாலும் 1,300 ரூபாய். பருத்தி எடுக்க வரும் பெண்களுக்குக் கூலி கொடுக்க ஆகும். 2009-ஆம் வருசச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது: பேசின எடைக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ பொருளை வாங்க இடம் கொடுக்கும் எந்த வழக்கமும் செல்லாது. அதற்கு முந்தின 11-ஆம் பிரிவு, நிர்ணயித்த அலகில் அல்லாமல் வேறு அலகில் விலை சொல்லக்கூடாது என்கிறது. கண்டிக்காரர்கள் காதில் அது இன்னும் விழவில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். தேதி, வண்டி எண், தராசில் காட்டிய எடை, சீட்டில் எழுதிய எடை, இந்த நாலும் மனுவில் இருக்கட்டும்.